வாகனத்துக்கும் ஓர் எண்ணெய்க்காப்பு

சென்ற ஆயுதபூசையன்று மாலை, லாச்சப்பலில் நம் ஆலயத்துக்கு முன்னால் வீதியோரமாக ஒரு வெள்ளை ரெனோ கங்கூ வான் வந்து நின்றது. நம் அங்கத்தவர் ஒருவரின் மகன் புதிதாக வாங்கிய பழைய வான். ஐயா சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். தம்பி ஏறி இயக்கினார். பழங்கள் நசிந்தன. எல்லாரும் மகிழ்ந்தோம். நான் மட்டும் கண்ணாடிக்குள்ளே பார்த்தேன். எண்ணெய்ப் பேணி வடிவத்தில் சிவப்பு விளக்கொன்று அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, உடனை நிப்பாட்டும்!" என்றேன். பூசை நடந்த இடத்தில் நான் அப்படிச் சத்தம் போட்டது சிலருக்குப் பிடிக்கவில்லை. 'டிப் ஸ்ரிக்' என்று நாம் சொல்லும் அளவுகோலை இழுத்துப் பார்த்தேன். நுனியில் தார் போல ஒரு துளி.

"கடைசியா எப்ப ஒயில் மாத்தினது?"

"வித்த ஆள் மாத்தியிருப்பார்தானே அண்ணை."

அந்த 'மாத்தியிருப்பார்தானே' என்ற சொல்லால் நம்மவர்களின் எத்தனை எஞ்சின்கள் இறுகிப் போயின என்பதை நான் அறிவேன். அன்று மண்டபத்தில் தேநீர் அருந்தும்போது பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்கவே இதனை எழுதுகிறேன். நான் படித்த மெக்கானிக் அல்லன். அதிகாலையில் ருங்கிஸ் சந்தைக்குப் போய், லாச்சப்பல் கடைகளுக்கு மரக்கறி ஏற்றி இறக்கும் ஒரு சாரதி. பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கற்றதைத்தான் சொல்ல முடியும்.

முதலில் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் மாட்டு வண்டில் அச்சுக்கு மசகு போடாமல் யாரும் சந்தைக்குப் புறப்படமாட்டார்கள். போடாவிட்டால் வண்டில் அழும். காரின் எஞ்சின் நிமிடத்துக்கு 2000, 3000 தரம் சுற்றுகிறது. உள்ளே உலோகமும் உலோகமும் தொடாமல் நடுவில் நிற்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. அந்த எண்ணெய் வழுக்குவதற்கு மட்டுமல்ல. சூட்டைக் கொண்டுபோகிறது, துருவைத் தடுக்கிறது, புகைக்கரியைத் தன்மேல் சுமக்கிறது. சுமந்த கரியையும் உலோகத் தூளையும் பிடித்து வைப்பது எண்ணெய் வடிகட்டி. இரண்டும் நாளடைவில் களைத்துப் போகும். அவற்றை மாற்றுவதைத்தான் இங்கே 'விதான்ஜ்' என்கிறார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் எண்ணெய் அமுக்கம் இல்லை என்று பொருள். அடுத்த சந்தி வரை ஓடிப் பார்ப்போம் என்று நினைக்கக் கூடாது. அதே இடத்தில் நிறுத்த வேண்டும்.

இதை எனக்கு முதலில் காட்டித்தந்தவர் என் பெரியப்பா. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்று அவரிடம் இருந்தது. 1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குள் எரிபொருள் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லை. 1995இல் நாம் எல்லாரும் வலிகாமத்தை விட்டு வெளியேறும் வரை ஐந்தாண்டுகள் அதே நிலைதான். அக்காலத்தில் அங்கிருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்தின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை எழுப்ப மட்டும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வீதி முழுக்க வெள்ளைப் புகையும், கண்ணை எரிக்கும் மணமும்.

இன்றைய கார் ஒன்று அந்த வேலைக்கு உடன்பட்டிராது. ஏ-40 போன்ற பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. அதனால்தான் அவை மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டன. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி அடியில் இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணீராகும். ஆகையால் பெரியப்பா தினமும் காலையில் அளவுகோலை இழுத்து, ஒயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்ப்பார். "அளவு கூடியிருந்தாச் சந்தோசப்படாதையடா, உள்ளுக்கை எண்ணெய் இறங்கீட்டுது எண்டு அருத்தம்" என்பார். இன்றைக்கும், குறிப்பாகக் குறுந்தூரம் மட்டுமே ஓடும் டீசல் வாகனங்களில், அளவு மேல்கோட்டைத் தாண்டி ஏறுவது கெட்ட அறிகுறிதான். அந்தப் பாடத்துக்கு முப்பது வருடமாகியும் வயதாகவில்லை.

மண்ணெண்ணெயைத் தாங்கிக்குள் விடுமுன் நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிப்பார். துணியைப் பிடிப்பது என் வேலை. வடித்தபின் துணியில் மணலும் துருவும் நிற்கும். "இதெல்லாம் எஞ்சினுக்குள்ளை போனா என்னடா நடக்கும்?" என்று என்னையே கேட்பார். எரிபொருள் வடிகட்டி என்பது என்ன என்று பின்னாளில் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கழற்றிய பழைய ஒயிலையும் அவர் ஊற்றிவிடமாட்டார். போத்தலில் விட்டுத் தெளியவைத்து, மேலே நின்றதை மீண்டும் பாவிப்பார். அடியில் நின்றதை வேலிக் கதிகாலுக்கும் வளைமரத்துக்கும் கறையானுக்காகப் பூசுவார். கிணற்றடிப் பக்கம் மட்டும் அந்தப் போத்தலைக் கொண்டுபோக விடமாட்டார். ஏனென்று அப்போது நான் கேட்கவில்லை.

இங்கே வந்து பல ஆண்டுகள் என் வானைக் கராஜில் கொடுத்தே வேலை செய்வித்தேன். 2014இல் கையில் காசு இறுகியபோது, என் மைத்துனர் லா கூர்னெவ்வில் வாங்கிய வீட்டின் சீமெந்து முற்றத்தில் நானே செய்வதென்று இறங்கினேன். இனி முறையைச் சொல்கிறேன். என் பிழைகளையும் கூடவே சொல்கிறேன்.

வாகனத்தோடு வந்த கையேட்டை முதலில் எடுங்கள். எந்த எண்ணெய், எத்தனை லீற்றர், எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பதெல்லாம் அதில் இருக்கும். 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்ற எண்கள் தடிப்பைக் குறிப்பவை. டீசல் வாகனத்தின் புகைக்குழாயில் துகள் வடிகட்டி இருந்தால் அதற்கென்றே தனி வகை எண்ணெய் விட வேண்டும். மலிவானதை விட்டால் அந்த விலையுயர்ந்த பாகம் அடைத்துப்போகும். நகரத்துக்குள் நின்று நின்று ஓடும் வாகனத்துக்குக் கையேடே குறைந்த இடைவெளியைச் சொல்லும். நம்மில் பலருடைய ஓட்டம் அப்படித்தான். உத்தரவாதக் காலம் முடியாத வாகனமாயின் நீங்கள் தொடவேண்டாம். கராஜில் கொடுத்துச் சிட்டையை வைத்திருங்கள்.

எஞ்சினை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, இளஞ்சூடானதும் நிறுத்துங்கள். சூட்டில் எண்ணெய் இளகி நன்றாக வடியும். கொதிக்கக் கொதிக்கச் செய்தால் கை வேகும். சமதளத்தில் கைப் பிறேக்கைப் போட்டு, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜக்கினால் தூக்கினால், 'ஷந்தேல்' எனப்படும் இரும்புத் தாங்கிகளை வைத்த பின்னரே உள்ளே குனிய வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் தலையை வைப்பது உயிரோடு விளையாடுவது. இந்த ஒரு விடயத்தில் மட்டும் துணிவைக் காட்டாதீர்கள்.

எஞ்சினின் அடிச்சட்டியில் வடிகட்டும் ஆணி ஒன்று இருக்கும். ரெனோ வாகனங்கள் பலவற்றில் அதற்கு 8 மில்லிமீற்றர் சதுரச் சாவி வேண்டும். சாதாரண ஸ்பனர் பொருந்தாது. நான் அது தெரியாமல் அரை நாளை வீணாக்கினேன். அகலமான பேசின் ஒன்றை வைத்து ஆணியைக் கழற்றி, பதினைந்து நிமிடம் வடியவிடுங்கள். கையுறை கட்டாயம். பழைய எண்ணெய் நெடுங்காலம் தோலில் பட்டுவந்தால் தோல் புற்றுநோய்க்கு இடமுண்டு. ஆணியின் வாஷரைப் புதிதாகப் போட்டு இறுக்குங்கள். பலத்தைக் காட்டி இறுக்கினால் சட்டியின் புரி அழிந்துவிடும்.

அடுத்தது எண்ணெய் வடிகட்டி. பேணி போன்ற அதனைப் பட்டிச் சாவியால் பிடித்துத் திருகினால் கழரும். இங்கேதான் என் முதற்பிழை. வடிகட்டியின் வாயில் ஒரு றப்பர் வளையம் உண்டு. என் பழைய வடிகட்டி கழன்று வந்தபோது அதன் வளையம் எஞ்சினிலேயே ஒட்டி நின்றுவிட்டது. நான் கவனியாமல் புதியதை அதன்மேல் பூட்டினேன். இரண்டு வளையம். எஞ்சினை இயக்கிய ஒரு நிமிடத்துக்குள், விலைகொடுத்து வாங்கிய நாலரை லீற்றர் புது எண்ணெயில் பெரும்பகுதி சீமெந்தில் ஓடிக் கிடந்தது. நல்லவேளை, அருகில் நின்றபடியால் உடனே நிறுத்தினேன். அப்படியே நெடுஞ்சாலைக்கு ஏறியிருந்தால் எஞ்சின் போயிருக்கும். ஆகவே, கழற்றியதும் பழைய வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். எஞ்சினின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். புதிய வளையத்தில் புது எண்ணெய் சிறிது பூசி, கையால் திருகி, வளையம் முட்டியபின் ஏறத்தாழ முக்காற் சுற்று கையாலேயே இறுக்கினாற் போதும்.

கையேடு சொன்ன அளவுக்குச் சிறிது குறைய ஊற்றி, அளவுகோலில் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள். ஒரு நிமிடம் இயக்குங்கள். சிவப்பு விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் பாருங்கள். மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் நின்றால் சரி. கீழே கசிவு உண்டா என்று ஒரு பழைய பத்திரிகைத் தாளை விரித்துப் பாருங்கள்.

எரிபொருள் வடிகட்டி வேறு சங்கதி. பெற்றோல் காராயின் அதனைக் கராஜுக்கு விட்டுவிடுங்கள். பெற்றோல் ஆவி ஒரு பொறியில் பற்றும். புதிய கார்கள் பலவற்றில் வடிகட்டி தாங்கிக்குள்ளேயே இருப்பதால் தனியாக மாற்றவும் முடியாது. டீசல் வாகனத்தில் மாற்றலாம். ஆனால் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். இன்றைய டீசல் எஞ்சின்களின் உள்ளூசிக் குழாய்களில் 1000 பாருக்கு மேற்பட்ட அமுக்கம் இருக்கும். கார் ரயரில் இருப்பதோ இரண்டரை பார் அளவுதான். அந்த இரும்புக் குழாய்களின் நட்டு எதையும் தொடாதீர்கள். அந்த அமுக்கத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வடிகட்டி இருப்பது அமுக்கம் குறைந்த பக்கத்தில். அதன் றப்பர்க் குழாய்களை மட்டும், எது எங்கே இருந்தது என்று குறித்துவைத்துக் கழற்றுங்கள். புதிய வடிகட்டியில் அம்புக்குறி இருந்தால் டீசல் ஓடும் திசைக்கு அது நிற்க வேண்டும். கை, துணி, இடம் எல்லாம் துப்புரவாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசும் ஊசித் துளையை அடைக்கும்.

என் இரண்டாவது பிழை இங்கே. மாலையில் வடிகட்டியை மாற்றி, இயக்கிப் பாராமல் படுத்துவிட்டேன். அதிகாலை இரண்டரை மணிக்கு ருங்கிஸுக்குப் புறப்படச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறதே தவிர எழும்பவில்லை. குழாய்க்குள் காற்று. பற்றரி இறங்கும் வரை திருப்பினேன். அன்று கடைக்கு முருங்கைக்காயும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. விடிந்தபின் பக்கத்து வீட்டு மொறோக்கோக்காரர் வந்து, எஞ்சின் பக்கத்தில் குழாயின் நடுவே இருந்த ஒரு றப்பர்க் குமிழைக் காட்டினார். பேரிக்காய் போன்ற அதைக் கையால் அமுக்கி அமுக்கிக் கல்லாகும் வரை டீசலை ஏற்றினால் காற்று வெளியேறிவிடும். ஐந்து நிமிட வேலை. சில வாகனங்களில் குமிழ் இருக்காது, மின்பம்பியே ஏற்றும். உங்கள் வாகனத்தில் எதுவென்று கழற்றுமுன் அறிந்துகொள்ளுங்கள். மாற்றுவதையும் பனிக்காலத்துக்கு முன்னமே செய்யுங்கள். குளிரில் டீசலின் மெழுகு படிந்து அடைப்பது இந்த வடிகட்டியைத்தான். அதற்காகவே இந்நாட்டில் நவம்பர் தொடக்கம் மார்ச் முடிய, பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகை வரை தாங்கும் பனிக்கால டீசல் விற்கப்படுகிறது.

இனிச் சொல்லப்போவது பிழையல்ல, குற்றம். 2014இல் அந்த முதல்நாள், வடித்த பழைய எண்ணெய் பேசினில் கிடந்தது. இருட்டியபின் அதைத் தூக்கிக்கொண்டு போய் வீதி மூலையிலிருந்த மழைநீர்க் கம்பிவாயிலில் ஊற்றிவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை. மைத்துனரிடமும் சொல்லவில்லை.

சில மாதங்களின் பின், 2015 தைப்பொங்கல் அன்று, இணுவிலில் இருக்கும் அக்காவோடு தொலைபேசியில் பேசினேன். வாழ்த்துச் சொல்லி முடியமுன், "தம்பி, சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளிலை எண்ணெய் மிதக்குதாம். பவுசரிலை தண்ணி குடுக்கினம். எங்கடை கிணத்துக்கும் வருமோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார். நீங்களும் அக்காலத்தில் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நடந்த இடத்திலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கி நிலத்தடி நீரில் கலந்ததாக எழுந்த முறைப்பாடு வழக்காகி, 2019 ஏப்ரலில் கொழும்பு உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபா செலுத்தும்படி தனியார் மின் நிறுவனமொன்றுக்குக் கட்டளையிட்டது. நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே நிற்கும் நீர்தான் எல்லாம். கல்லில் வெடிப்பும் துளையுமிருப்பதால் மேலே ஊற்றுவது விரைவில் கீழே போய்விடும்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கிணற்றடிக்குப் போத்தலைக் கொண்டுபோகவிடாத பெரியப்பாவின் முகம் கண்ணுக்குள் நின்றது. ஊர்க் கிணற்றுக்காகக் கவலைப்படும் நானே இந்த ஊர்த் தண்ணீரில் ஒரு பேசின் நஞ்சை ஊற்றியிருக்கிறேன். நம் பிள்ளைகள் குடிப்பது இந்த ஊர்த் தண்ணீரை அல்லவா? 1923 முதல் தடுக்கப்பட்டிருந்த செய்ன் ஆற்றுக் குளிப்பு 2025 யூலையில் பாரிஸில் மூன்று இடங்களில் மக்களுக்குத் திறக்கப்பட்டபோது, என் மகள் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். போனேன். அவள் நீந்தியதைக் கரையில் நின்று பார்த்தபோது அந்தப் பேசின்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே அன்பர்களே, செய்யவேண்டியது இதுதான். புது எண்ணெய் வந்த 5 லீற்றர்ப் போத்தலிலேயே பழையதை ஊற்றி மூடுங்கள். தண்ணீரோ, பெற்றோலோ, குளிர்நீர்த் திரவமோ கலக்க வேண்டாம். வடிகட்டிகளையும் வடியவிட்டுப் பையில் கட்டுங்கள். நகரசபையின் 'தெஷெத்ரி'யில் ஒப்படைக்கலாம். எந்த நாளில், எவ்வளவு எடுப்பார்கள் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். பழைய எண்ணெயைச் சேர்த்துவைத்து ஒப்படைக்கும் ஒழுங்கு இந்நாட்டில் 1979ஆம் ஆண்டு அரசாணையோடு வந்தது. சேர்ந்த எண்ணெயில் ஒரு பகுதியைச் சுத்திகரித்து மீண்டும் மசகெண்ணெயாக்குகிறார்கள். ஒரு பகுதி சீமெந்துச் சூளைகளில் எரிகிறது. பெரியப்பா போத்தலில் தெளியவைத்ததைத்தான் இவர்கள் ஆலையில் செய்கிறார்கள். பாரிஸ் வீதியோரத்தில் வைத்து எண்ணெய் மாற்றவும் கூடாது. வீட்டில் இடமில்லாதோர் மணிக்கணக்கில் வாடகைக்கு இடமும் கருவியும் தரும் 'செல்ப் கராஜ்'களுக்குப் போகலாம்.

ஆயுதபூசைக்குப் பின்வந்த இரண்டாவது சனிக்கிழமை, அந்தத் தம்பியின் வெள்ளை வானை மைத்துனர் வீட்டு முற்றத்துக்கு எடுப்பித்தேன். நான் சாவியைத் தொடவில்லை. அவரே எல்லாம் செய்தார். வடிகட்டி கழன்றதும், "அண்ணை, வளையம் வந்திட்டுது" என்று தூக்கிக் காட்டினார். எஞ்சின் தப்பிவிட்டது. பிள்ளையார் காத்தார் என்று அவருடைய தாயார் சொன்னார். எலுமிச்சம்பழம் வைத்த கையால் அளவுகோலையும் இழுத்துப் பார்த்தால் பிள்ளையாருக்கு வேலை குறையும் என்று நான் சொன்னேன். அவரும் சிரித்தார்.

மாலையில் பழைய எண்ணெய்ப் போத்தலை மூடி, தம்பி அதைத் தன் வானில் முன்னிருக்கையின் கீழ் வைத்தார். "திங்கக்கிழமை நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றார். மறக்காமல் திங்கள் மாலை கேட்டேன். கொடுத்துவிட்டாராம்.